ரெண்டு இன்ச் பனிக்கே இந்தப் பாடா?

வருஷா வருஷம் இங்கிலாந்தில் முதல் பனி கொட்டுற அன்னிக்கு நம்ம வீடுகளில் ஒரு டயலாக் கட்டாயம் வரும். "ரெண்டு இன்ச் பனிக்கே படுத்துட்டானுங்க பாரு. இவனுங்கதான் உலகத்தையே ஆண்டானுங்களாம்!" டொரண்டோவில் ஒரு சித்தப்பா பையன் இருந்துட்டா இன்னும் விசேஷம். இடுப்பளவு பனிக்கு நடுவில் நின்னு சிரிச்சுக்கிட்டு ஒரு போட்டோ அனுப்புவான். கீழே "ஆபீஸ் கிளம்பிட்டேன்"னு ஒரு வரி வேற.

நானும் அந்த டயலாக்கைப் பேசினவன்தான். 2009 பிப்ரவரி 2-ஆம் தேதி லண்டனில் அத்தனை பஸ்களையும் நிறுத்தினாங்களே, ஞாபகம் இருக்கா? தென்கிழக்கு இங்கிலாந்தில் 18 வருஷத்தில் இப்படி ஒரு பனி இல்லைன்னு டிவியில் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான் ஊருக்குப் போன் போட்டு, "அம்மா, இங்க அரை அடி பனிக்கு மொத்த ஊருக்கும் லீவு விட்டுட்டாங்க"ன்னு சிரிச்சேன். அம்மாவுக்குச் சிரிப்பு வரலை. "நீ வெளிய போகாத கண்ணு"ன்னு மட்டும் சொன்னாங்க.

இப்போ நான் கட்சி மாறிட்டேன். பனி கொட்டும்போது இந்த ஊர் டிரைவர் செய்யக்கூடிய உருப்படியான காரியம் சாவியை ஆணியில் மாட்டிட்டு வீட்டில் உட்கார்றதுதான். அதைக் கையாலாகாத்தனம்னு நாம சிரிக்கிறது தப்பு. அது மட்டும் இல்லை, சிரிக்கிற நாமதான் வேலை போயிடுமோங்கிற பயத்தில் முதல் ஆளாக வண்டியை எடுக்கிறோம். நான் எடுத்தேன். அதனால்தான் இவ்வளவு உரிமையோட சொல்றேன்.

அதுக்கு முன்னால ஒரு வார்த்தைத் தகராறு. நமக்குப் பனின்னா மார்கழி விடியலில் புல் நுனியில் நிக்கிறது. ரோட்டை மறைக்கிற மூட்டமும் பனிதான், வானத்திலிருந்து பஞ்சு மாதிரி இறங்குறதும் பனிதான், ரோட்டில் கண்ணாடி மாதிரி உறைஞ்சு கிடக்கிறதும் பனிதான். எல்லாத்துக்கும் ஒரே சொல். யாழ்ப்பாணத்துக்காரங்க "ஸ்னோ கொட்டுது"ன்னு சொல்லித் தப்பிச்சுக்கிறாங்க. இதைச் சும்மா சொல்லலை. வண்டி ஓட்டுறவனுக்கு இந்த மூணும் மூணு வேற எதிரி. கொட்டுற பனியில் ஓரளவு ஓட்டலாம், டயருக்குப் பிடிக்க ஏதோ இருக்கும். பகலில் கொஞ்சம் உருகி, ராத்திரி திரும்ப இறுகிடுது பாருங்க, அதுதான் ஆளைக் கவுக்கும். அதிலும் தார் ரோட்டின் கறுப்பு அப்படியே தெரியுற மாதிரி மெல்லிசாகப் படிஞ்சிருக்கும் ஐஸ் இருக்கே, அதை 'பிளாக் ஐஸ்'னு சொல்றாங்க, அது கண்ணுக்கே தெரியாது. ரோடு ஈரமாக இருக்குன்னுதான் நினைப்போம்.

பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் வித்தியாசமே இங்கேதான். அங்கே குளிர்காலம்னா குளிர்காலம். டிசம்பரில் உறைஞ்சது மார்ச் வரைக்கும் உறைஞ்சே இருக்கும். வண்டிக்கு வேற டயர், வீட்டுக்கு வீடு பனி தள்ளுற மிஷின், ஊருக்கு ஊர் கலப்பை கட்டின லாரின்னு எல்லாம் தயார். இங்கே வருஷத்தில் சில நாள்தான். அதுவும் பூஜ்ஜியம் டிகிரிக்கு மேலே ஒரு கால், கீழே ஒரு கால்னு ஊசலாடும். குளிர்கால டயர் போடணும்னு இங்கே சட்டம் கிடையாது. ஜெர்மனியில் 2010-இல் அந்த விதியைக் கறாராக்கி, பனி ரோட்டில் அந்த டயர் இல்லாம ஓட்டினா அபராதம்னு ஆக்கிட்டாங்க. இங்கே பாதிப் பேருக்கு அப்படி ஒரு டயர் இருக்கிறதே தெரியாது. 7 டிகிரிக்குக் கீழே போனாலே சாதாரண டயரின் ரப்பர் விறைக்க ஆரம்பிச்சுடும், பிடிமானம் குறையும். பனியே வேண்டாம், குளிர் போதும்.

அப்போ இந்த ஊர்க்காரன் எதை நம்பி ஓட்டுறான்னா, உப்பை.

"உப்பைக் கையில் கொடுத்தா சண்டை வரும், கீழ வை எடுத்துக்கிறேன்"னு சொல்ற வீட்டில் வளர்ந்தவன் நான். இங்கே லாரி லாரியா ரோட்டில் வாரி இறைக்கிறாங்க. பழுப்பு நிறத்தில் இருக்கும், பார்த்தா உப்புன்னே தோணாது. செஷயரில் வின்ஸ்ஃபோர்டுன்னு ஒரு ஊர், அங்கே தரைக்கு 150 மீட்டர் கீழே தோண்டி எடுக்கிறாங்க, 1844-இல் ஆரம்பிச்ச சுரங்கம். நிலக்கரி தேடப் போய் உப்பைக் கண்டுபிடிச்சாங்களாம். என்னிக்கோ கடலாக இருந்த இடம். அந்தச் செம்மண் கலப்புதான் பழுப்பு நிறத்துக்குக் காரணம்.

ரோடு உறையும்னு வானிலை ஆபீஸ் சொன்னா, உறையறதுக்கு முன்னாலயே சாயங்காலம் இந்த லாரிங்க கிளம்பிடும். சாதாரண உறைபனிக்குச் சதுர மீட்டருக்கு 10 கிராம் மாதிரி தூவுவாங்க, பனி கொட்டப் போகுதுன்னா 20, 40 கிராம்னு ஏத்துவாங்க. ஆனா உப்பு போட்டாச்சு, ரோடு சுத்தம்னு நினைச்சுக்கிறது பெரிய தப்பு. உப்பு தானாக எதையும் செய்யாது. ஈரத்தில் கரைஞ்சு உப்புத்தண்ணி ஆகணும், அதை வண்டி டயருங்க மிதிச்சு மிதிச்சுப் பரப்பணும், அப்போதான் ஐஸ் விடும். வண்டி ஓடாத ரோட்டில் உப்பு அப்படியே கல் கல்லாக் கிடக்கும், பக்கத்திலேயே ஐஸும் கிடக்கும். மைனஸ் 8, 10-க்குக் கீழே போயிட்டா உப்பும் கையை விரிச்சுடும். எல்லாத்துக்கும் மேல, லாரி வர்றது மெயின் ரோட்டுக்கும் பஸ் போற ரோட்டுக்கும்தான். நீங்களும் நானும் குடியிருக்கிற சந்துக்கு வராது.

சட்டமே ரொம்ப நாள் வரைக்கும் இதைக் கண்டுக்கலை. 1991-இல் கிழக்கு சசெக்ஸில் ஒருத்தர் ஐஸில் வழுக்கிப் பாலத்துச் சுவரில் மோதி, உடம்பு செயலிழந்து போச்சு. கேஸ் பிரபுக்கள் சபை வரைக்கும் போய், ரோட்டில் ஐஸை அகற்றணும்னு கவுன்சிலுக்குச் சட்டப்படி கடமையே இல்லைன்னு 2000-இல் தீர்ப்பு வந்தது. அதுக்கப்புறம்தான் 2003-இல் சட்டத்தைத் திருத்தி, "நியாயமா முடிஞ்ச வரைக்கும்" பாதுகாக்கணும்னு ஒரு வரி சேர்த்தாங்க. முடிஞ்ச வரைக்கும்! 2010 ஜனவரியில் உப்பே தீர்ந்துபோற நிலைமை வந்து, தூவுறதைக் கால்வாசி குறைங்கன்னு அரசாங்கமே சொன்னது தனிக்கதை.

சரி, என் கதைக்கு வர்றேன்.

எனக்கு ஊர் ராமகுப்பம். சித்தூர் மாவட்டத்தின் மூலையில், குப்பத்துக்குப் பக்கத்தில். ஒரு பக்கம் போனா கிருஷ்ணகிரி, இன்னொரு பக்கம் போனா கோலார். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, சந்தையில் ரெண்டும் கலந்து. பனிக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். வழுக்குற ரோட்டில் ஓட்டுறதை நான் அங்கேதான் கத்துக்கிட்டேன்.

அந்தப் பக்கத்துக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் கொள்ளும் ராகியும் அறுத்ததும் செடியோட கொண்டுவந்து தார் ரோட்டில் பரப்பிடுவாங்க. களம் கிடையாது, ஆள் கூலி கொடுத்து மாளாது. போற வர்ற லாரியும் பஸ்ஸும் இலவசமா மிதிச்சுக் கொடுக்கும். ஒரு முழம் உயரத்துக்குக் காய்ஞ்ச செடி, அதுக்கு அடியில் உருண்டை உருண்டையாக் கொள்ளு. அதில் டூவீலரை விட்டுப் பாருங்க. ஐஸ் தோத்துடும். எத்தனை பேர் விழுந்து கை காலை உடைச்சுக்கிட்டாங்கன்னு கணக்கே இல்லை. கொடி சக்கரத்து அச்சில் சுத்திக்கிட்டு, சூட்டில் தீப்பிடிக்கிற அபாயம் வேற. செய்யக்கூடாதுன்னு போலீஸ் சொல்லும், நடக்கிறது நடந்துக்கிட்டேதான் இருக்கும்.

என் மாமா டிவிஎஸ் 50 ஓட்டச் சொல்லிக் கொடுத்தப்போ முதல் பாடமே அதுதான். "கொள்ளு மேல ஏறிட்டா பிரேக்கைத் தொடாத. ஹேண்டிலைத் திருப்பாத. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமா விடு. வண்டி தன்பாட்டுக்குப் போய் வெளிய வரும், நீ பதறாத." பல வருஷம் கழிச்சு இந்த நாட்டு ஓட்டுநர் விதிப் புத்தகத்தில் குளிர்காலப் பகுதியைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மெதுவாப் போ, திடீர்னு எதையும் செய்யாதே, ஐஸில் வண்டி நிக்கப் பத்து மடங்கு தூரம் வரைக்கும் ஆகும், அதுக்கேத்த இடைவெளி விடு. மாமா நாலு வாக்கியத்தில் சொன்னதைத்தான் இவங்க ஒரு அத்தியாயமா எழுதியிருக்காங்க.

அந்தப் பாடம் தேவைப்பட்ட நாளில் எனக்கு ஞாபகம் வரலைங்கிறதுதான் சோகம்.

2010 டிசம்பர் 1, புதன்கிழமை. நாங்க அப்போ ஷெஃபீல்டில் இருந்தோம். ஏழு மலைங்க மேல கட்டின ஊர்னு சொல்லுவாங்க, எங்க வாடகை வீடு அதில் ஒரு சரிவில். முந்தின நாள் ஆரம்பிச்ச பனி விடிய விடியக் கொட்டி, காலையில் கதவைத் திறந்தா ஒரு அடிக்கும் மேல. பஸ் இல்லை. ஸ்கூல் இல்லை. மான்செஸ்டர் போற ஸ்நேக் பாஸ் மலைப்பாதை வழக்கம்போல மூடியாச்சு. முந்தின ராத்திரியே பெட்ரோல் ஷெட்டில் வேலை பார்க்கிற யாழ்ப்பாணத்து அண்ணை சொன்னார்: "தம்பி, நாளைக்கு உந்தக் காரை வெளியில எடுக்காதையும். றோட்டு நல்லா வழுக்கும்." நான் தலையாட்டிட்டு வந்தேன்.

ஆனா காலையில் எனக்கு ஒரு மீட்டிங். கான்ட்ராக்ட் வேலை, அடுத்த மாசம் புதுப்பிக்கணும். விசாவும் அந்த வேலையோட முடிச்சுப் போட்டது. "பனின்னு ஒரு சாக்கு சொல்லி வரலை"ன்னு யாராவது நினைச்சுட்டா? இந்த ஒரு கேள்வி போதும், நம்ம ஆள் சுனாமியிலும் ஆபீஸ் போவான். மனைவி வேண்டாம்னு சொன்னா. "இவனுங்க மாதிரி என்னையும் நினைச்சியா"ன்னு வீரம் பேசிட்டு, கெட்டிலில் வெந்நீர் வச்சுக் கண்ணாடியில் ஊத்தினேன். (தயவுசெஞ்சு இதைச் செய்யாதீங்க. கண்ணாடி விரிசல் விடும். என்னுடையது தப்பிச்சது அதிர்ஷ்டம்.) முன்கண்ணாடியில் ஒரு தட்டு அளவுக்கு மட்டும் சுரண்டிட்டு, கூரை மேல அரை அடிப் பனியோட கிளம்பினேன்.

எங்க தெருவில் பாதி தூரம் ஒழுங்காத்தான் போச்சு. அப்புறம் ஒரு வளைவு, அதுக்கப்புறம் சரிவு. வண்டி கொஞ்சம் வேகம் எடுத்த மாதிரி இருந்தது. கால் தானாகப் பிரேக்குக்குப் போயிடுச்சு. ஏபிஎஸ் தடதடன்னு காலை உதறுது, வண்டி நிக்கலை. கூரைப் பனி மொத்தமும் சரிஞ்சு முன்கண்ணாடியில் விழுந்து ஒண்ணுமே தெரியலை. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி நேராகவே போச்சு. சத்தமே இல்லாம, ஒரு கனவு மாதிரி, அவ்வளவு மெதுவா. கடைசியில் நிறுத்தி வச்சிருந்த ஒரு காரின் கண்ணாடியை உடைச்சு, குறுக்கே திரும்பி, தெருவையே அடைச்சுக்கிட்டு நின்னேன். எனக்கு ஒரு கீறல் இல்லை. முன்னாலும் போகலை, பின்னாலும் போகலை.

இது வரைக்கும் இது என் முட்டாள்தனம், என் செலவு. அந்தக் கண்ணாடிக்குக் காசு கொடுத்தேன், இன்சூரன்ஸ் ஏறிச்சு, முடிஞ்சது. ஆனா கால் மணி நேரத்தில் கீழே ஒரு சின்னக் கார் வந்து நின்னது. டயரில் சங்கிலி கட்டியிருந்தது. வீடு வீடாகப் போய் ஊசி போடுற நர்ஸ், அம்பது வயசு இருக்கும். அவங்க வண்டி ஏறியிருக்கும், நான் அடைச்சுக்கிட்டு நிக்கிறதால ஏற முடியலை. இறங்கிப் பையை எடுத்துக்கிட்டு, சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்து வந்தாங்க. மேல் தெருவில் ஒரு தாத்தாவுக்கு இன்சுலின் போடணுமாம், அதுக்கப்புறம் இன்னும் சில வீடு. என்கிட்ட கோபமா ஒண்ணும் சொல்லலை. அடி பட்டுதான்னு கேட்டாங்க. அப்புறம், "எங்கே கிளம்பினீங்க?"

"ஆபீஸுக்கு."

"முக்கியமான வேலையா?"

வாயில் வார்த்தை வரலை. அவங்க பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை, நடந்து போயிட்டாங்க. அந்த மீட்டிங்கை நடத்த வேண்டியவர் காலை ஏழு மணிக்கே ரத்து பண்ணி மெயில் போட்டிருந்தார்ங்கிறது எனக்குப் பத்து மணிக்குத்தான் தெரியும் :-)

அன்னிக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சது. பனி ரோட்டில் வண்டி எடுக்கிறது என் தைரியம், என் ரிஸ்க்னு நாம நினைக்கிறோம். நின்னு போன ஒரு வண்டி போதும், பின்னால வர்ற உப்பு லாரியும் போக முடியாது, ஆம்புலன்ஸும் போக முடியாது. உப்பு லாரி போகலைன்னா இன்னும் பத்து வண்டி மாட்டும். இந்த நாட்டில் பெரிய பெரிய பனிச் சிக்கல் எல்லாம் இப்படித்தான் நடந்திருக்கு. 2003 ஜனவரி கடைசியில் எம்11 மோட்டார்வேயில் ராத்திரி முழுக்க ஜனங்க காருக்குள்ளேயே கிடந்தாங்க. 2010 டிசம்பர் 6-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் எம்8-இல் அதே கதை. அங்கே ஒரு வாரத்துக்குள்ள போக்குவரத்து மந்திரி ஸ்டூவர்ட் ஸ்டீவன்சன் ராஜினாமா பண்ணிட்டார். 2018 பிப்ரவரி, மார்ச்சில் சைபீரியாக் காத்து அடிச்சப்போ எம்80-இலும் எம்62-இலும் திரும்பவும். லாரி திரும்பி நிக்கும், கார்கள் அடைக்கும், பனி தள்ளுற வண்டி அதுங்களுக்குப் பின்னால மாட்டிக்கிட்டு நிக்கும். எம்62 பக்கத்து ஊர்க்காரங்க டீயும் சாப்பாடும் போர்வையும் தூக்கிக்கிட்டு மோட்டார்வேக்கே வந்து கொடுத்ததைப் பார்த்திருப்பீங்க. வெள்ளைக்காரன் பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட பேசமாட்டான்னு யார் சொன்னது?

அதனால "இவனுங்களுக்கு ஓட்டத் தெரியலை"ங்கிற பேச்சில் எனக்கு ஒப்புதல் இல்லை. தெரியாதுதான். வருஷத்தில் நாலு நாள் வர்றதை யார் பழகுவாங்க? டிரைவிங் டெஸ்டில் பனி கிடையாது. பாஸ் ஆனதுக்கு அப்புறம் 'பாஸ் பிளஸ்'னு ஒரு விருப்பப் பயிற்சி இருக்கு, ஆறு மணி நேரம், அதில் எல்லா வானிலையும்னு ஒரு பகுதி வரும். ஜூலையில் பழகினா அந்தப் பகுதியை வாயால்தான் சொல்லிக் கொடுப்பாங்க. நாம இன்னும் மோசம். இந்திய லைசென்ஸை வச்சுக்கிட்டு வந்த முதல் 12 மாசம் இங்கே கார் ஓட்டலாம்னு சட்டம் அனுமதிக்குது. அந்த 12 மாசத்தில் ஒரு குளிர்காலம் கட்டாயம் வரும். சென்னையில் பத்து வருஷம் ஓட்டினேன்னு சொல்றது இந்த ஒரு காலைக்கு உதவாது. தெரியாதுன்னு தெரிஞ்சவன் வீட்டில் இருக்கான். தெரியும்னு நினைச்சவன் என்னை மாதிரி குறுக்கே நிக்கிறான்.

எல்லாரும் வீட்டில் இருக்க முடியுமான்னு கேட்பீங்க. முடியாது. அந்த நர்ஸால முடியாது. நம்ம வீடுகளிலேயே எத்தனை நர்ஸ், எத்தனை டாக்டர். 2022-இல் பராமரிப்பு வேலைக்கு விசா திறந்தப்போ வந்த பிள்ளைங்களை எடுத்துக்குங்க. பழைய கார் ஒண்ணை வாங்கிக்கிட்டு, காலை ஆறு மணிக்கு ஒரு பாட்டியை எழுப்பி, ஏழு மணிக்கு இன்னொரு தாத்தாவுக்கு மாத்திரை கொடுத்து, வீடு வீடாக ஓடுறாங்க. அவங்க போகலைன்னா அங்கே ஒருத்தர் கட்டிலிலேயே கிடக்கணும். பனி கொட்டுற நாளில் ரோடு அவங்களுடையது. லேப்டாப்பைத் திறந்தா முடியுற வேலைக்கு நானும் நீங்களும் அவங்க குறுக்கே போய் நிக்கக்கூடாது. என் வாதம் இவ்வளவுதான்.

வேலை போயிடும்ங்கிற பயத்தை நான் லேசா எடுத்துக்கலை. அது நிஜம். பனியால வர முடியலைன்னா சம்பளம் கொடுத்தே ஆகணும்னு முதலாளிக்குப் பொதுவா கட்டாயம் இல்லை, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாத்தான். ஸ்கூல் மூடிட்டாங்க, பிள்ளையைப் பார்த்துக்கணும்னா அவசர லீவு கேட்க உரிமை இருக்கு, அதுக்கும் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஒரு நாள் கூலி போகும். கஷ்டம்தான். ஆனா இந்த ஊர் மேனேஜருங்ககிட்ட "ரோடு பாதுகாப்பா இல்லை, வர முடியாது"ன்னு சொல்லிப் பாருங்க. நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் "நல்ல முடிவு"ன்னுதான் பதில் வந்திருக்கு. 2020-க்கு அப்புறம் வீட்டிலிருந்து வேலைங்கிறது சகஜமும் ஆயிடுச்சு. அந்தப் பயத்தில் முக்கால்வாசி நாமே மூட்டை கட்டிக் கொண்டுவந்தது.

இன்னொண்ணு சொல்றேன். ராமகுப்பத்தில் எங்களுக்குப் பனி இல்லை, யானை உண்டு. கௌண்டின்யா காட்டிலிருந்து இறங்கி வரும். 1980-களில் வந்து தங்கினதுங்க, அதுக்கப்புறம் காலி பண்ணவே இல்லை. "ஏனுகுலு ஒச்சினாயி"ன்னு, அதான் யானைங்க வந்துடுச்சுன்னு, ஒரு சேதி வந்தா போதும். அந்தப் பக்கத்து ரோட்டில் ராத்திரி வண்டி எடுக்கமாட்டாங்க. கல்யாணத்துக்குப் போகணுமா, விடியட்டும். பால் ஊத்தணுமா, விடியட்டும். யாரும் யாரையும் பயந்தாங்கொள்ளின்னு சொன்னதில்லை. "ஒரு யானைக்கே ஊர் படுத்துடுச்சு"ன்னு யாராவது சிரிச்சிருப்பானா? அதே ஊர்க்காரன் நான், இங்கே வந்து பனிக்கு அடங்கினவனைப் பார்த்துச் சிரிச்சேன்.

திருமலைக்குப் போனவங்களுக்குத் தெரியும். ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை. 1944-இல் திறந்த பழைய பாதைதான் இறங்குறதுக்கு. கிளம்புற நேரத்தைச் சீட்டில் குறிச்சு, குறிப்பிட்ட நேரத்துக்கு முன்னால மறுமுனையில் வந்து நின்னா, வேகமா வந்திருக்கேன்னு அபராதம் போடுற ஏற்பாடு வச்சாங்க. சீக்கிரம் வந்ததுக்கு அபராதம்! அதை நாம கோவிந்தா போட்டுக்கிட்டு ஏத்துக்கிறோம்.

போயே ஆகவேண்டியவங்களுக்கு நான் பட்டதிலிருந்து கொஞ்சம். கிளம்புறதுக்கு முன்னால கால் மணி நேரம் ஒதுக்கி, கண்ணாடி எல்லாத்தையும், விளக்கை, நம்பர் பிளேட்டை, முக்கியமா கூரையைச் சுத்தம் பண்ணுங்க. ஒரு தட்டு அளவு ஓட்டை வழியா எட்டிப் பார்த்து ஓட்டினா போலீஸ் பிடிக்கும், பிடிக்கணும். கண்ணாடி உருகட்டும்னு இன்ஜினை ஓடவிட்டு, சாவியை வண்டியிலேயே வச்சுட்டு டீ குடிக்க உள்ளே போகாதீங்க. அதுக்காகவே தெருவில் சுத்துற திருடனுங்க இருக்கானுங்க, அப்படிப் போன வண்டிக்கு இன்சூரன்ஸ் காசும் வராமப் போகலாம். கியர் வண்டின்னா ரெண்டாம் கியரில், கிளட்சை மெதுவா விட்டுக் கிளம்புங்க. இறக்கத்தில் கீழ் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும், பிரேக்கைக் கடைசியா வச்சுக்குங்க. ஏறும்போது முன்னால போறவன் உச்சிக்குப் போன பிறகு ஆரம்பிங்க, நடுவில் நின்னா திரும்பக் கிளம்பாது. டிக்கியில் ஒரு மண்வெட்டி, போர்வை, தண்ணி, சார்ஜர், கொஞ்சம் முறுக்கு. சிரிக்காதீங்க, எம்62-இல் ராத்திரி முழுக்கக் கிடந்தவங்களைக் கேளுங்க.

முடிஞ்சா மூடுகாலணியோட நடந்து பஸ் ரோடு வரைக்கும் போங்க. உப்பு அங்கேதான் விழுந்திருக்கும்.

வீட்டு வாசலில் பனியை வாரினா, அங்கே யாராவது விழுந்து நம்ம மேல கேஸ் போடுவான்னு ஒரு வதந்தி நம்ம ஆளுங்க நடுவில் ரொம்ப நாளாச் சுத்துது. 2010-லேயே அரசாங்கம் ஒரு குறிப்பு போட்டு, கவனமா வாரினா அப்படிக் கேஸ் வர வாய்ப்பு ரொம்பக் குறைவு, தாராளமா வாருங்கன்னு சொல்லிடுச்சு. வெந்நீர் மட்டும் ஊத்தாதீங்க, அது உறைஞ்சு இன்னும் மோசமாகும்.

இப்போ நாங்க இருக்கிற தெருவும் சரிவுதான், ஷெஃபீல்டில் வேற என்ன கிடைக்கும். முனையில் கவுன்சில் வச்ச மஞ்சள் உப்புப் பெட்டி ஒண்ணு இருக்கு. 2025 ஜனவரி முதல் வாரத்தில் கொட்டினப்போ நானும் எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியாரும், மேலே இருக்கிற ஒரு பஞ்சாபிப் பையனும் ஆளுக்கொரு மண்வெட்டியோட இறங்கினோம். வளைவிலிருந்து கீழே வரைக்கும் ஒரு கார் ஏறுற அகலத்துக்கு வாரி, பெட்டி காலியாகுற வரைக்கும் உப்புத் தூவினோம். கையில் அள்ளித்தான் தூவினோம். சண்டை ஒண்ணும் வரலை. ஒன்பதரை மணிக்கு ஒரு சின்ன வெள்ளைக் கார், பராமரிப்பு கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டினது, ரெண்டாம் கியரில் முனகிக்கிட்டே ஏறிப் போச்சு. உள்ளே இருந்த பொண்ணு கை காட்டினா. எந்த ஊரோ தெரியலை.

அன்னிக்குச் சாயங்காலம் அம்மா போன் பண்ணாங்க. ஏரிக்கரைப் பக்கம் யானை வந்திருக்காம், தம்பி குப்பத்திலேயே தங்கிட்டானாம்.

"நீ ஆபீஸ் போனியா?"

"இல்லம்மா, போகலை."

"ஆங்"னுட்டு, அடுத்து பக்கத்து வீட்டுக் கல்யாணப் பேச்சுக்குப் போயிட்டாங்க.